‘எல்லாம் அடங்கியது’ என்றால் எதெல்லாம்? பிள்ளைகளோடு ரிசார்ட்டுக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கணவன், மனைவி, மூன்றரை வயது மகள், இன்னும் சில மாதங்களில் 12 வயதை எட்டப்போகும் மகன். ஆறு இரவுகள். கடலோரமாக இரண்டு ரிசார்ட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் அறையோடு காலை உணவு மட்டும். இன்னொன்று ‘ஆல் இன்க்ளூசிவ்’, அதாவது எல்லாம் அடங்கியது. அதன் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எது லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே கேள்வியின் கடைசி வரியில், ‘ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பர்ஸைத் திறக்காமல், எங்களில் ஒருவர் பிள்ளைகள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்காமல் ஊர் திரும்ப முடியுமா’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். லாபக் கணக்கையும் நடுவில் போட்டுப் பார்க்கலாம்.

நான் 8 ஆண்டுகள் இப்படிப்பட்ட ரிசார்ட்டுகளின் வரவேற்பு மேசையில் நின்றவன். அதற்குப் பிறகு 12 ஆண்டுகளாகக் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருகிறேன். வந்து இறங்கும் விருந்தினருக்குக் குளிர்பானம் நீட்டியதும் நான்தான். கிளம்பும் நாளில் பில்லைப் பார்த்து அவர் முகம் மாறியபோது எதிரில் நின்றதும் நான்தான். அந்த முகமாற்றத்துக்குப் பின்னால் மோசடி இருந்தது அபூர்வம். ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு அவர் மனதில் ஒரு பொருள் இருந்தது, ஒப்பந்தத் தாளில் வேறொரு பொருள் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லுக்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. ஹோட்டல் தொழிலில் ஈ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் அறையும் காலை உணவும், எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியமோ இரவோ இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இவற்றுக்காவது ஓரளவு நிலையான பொருள் உண்டு. ‘ஆல் இன்க்ளூசிவ்’ அப்படியல்ல. ஏ.பி.யோடு மாலைத் தேநீரைச் சேர்த்துவிட்டு அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. அறைக் குளிர்பெட்டியைத் தினமும் நிரப்பி, படகுச் சவாரி வரைக்கும் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. இரண்டாவது வகை, முதல் வகையிலிருந்து தன்னைப் பிரித்துக்காட்ட ‘அல்ட்ரா’, ‘பிரீமியம்’ என்று முன்னொட்டு போட்டுக்கொள்ளும். அந்த முன்னொட்டுகளுக்கும் வரையறை கிடையாது.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எங்கே ஓட்டை இருக்கும் என்பதும் பிடிபடும். இங்கிலாந்தின் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் பில்லி பட்லின் 1936இல் திறந்த விடுமுறை முகாமில் தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, கேளிக்கை எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கின. 1950இல் பெல்ஜியத்துக்காரரான ஜெரார் பிளிட்ஸ், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து கிளப் மெட்டைத் தொடங்கினார். இன்றைய ரிசார்ட்டின் நேர் மூதாதை என்று பலரும் சொல்வது அதைத்தான். அங்கேயே பார் செலவு நெடுங்காலம் தனியாகத்தான் இருந்தது. காசுக்குப் பதிலாகக் கழுத்தில் அணிந்த மணிகளைக் கழற்றிக் கொடுப்பார்கள். ஜமைக்காவில் 1981இல் தொடங்கிய சாண்டல்ஸ், மதுவையும் கட்டணத்துக்குள் கொண்டுவந்து இந்த முறையைப் புகழ்பெற வைத்த நிறுவனங்களில் ஒன்று. அது ஜோடிகளுக்கு மட்டுமானது. அதே குழுமம் குடும்பங்களுக்கென்று பீச்சஸ் என்ற கிளையைத் தொடங்கியது 1997இல். அதாவது இன்று நாம் பார்க்கும் வடிவம் பெருமளவு பெரியவர்களை, குறிப்பாகக் குடிக்கும் பெரியவர்களை மனதில் வைத்து வளர்ந்தது. குழந்தைகளுக்காகவே கட்டிய ரிசார்ட்டும் உண்டு. பெரியவர்களுக்குக் கட்டிவிட்டு ஒரு மூலையில் சறுக்குமரம் வைத்த ரிசார்ட்டும் உண்டு. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் சிரிக்கும்.

இதிலிருந்தே லாபக் கணக்கின் முதல் பாடம் வந்துவிடுகிறது. ஒரே கட்டணம் என்பது சராசரிக் கட்டணம். இரவு முழுக்க பாரில் உட்காருபவரின் செலவையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி போடப்பட்டிருக்கிறது. நீங்கள் இருவரும் குடிக்காதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்த மேசைக்காரரின் கோப்பையில் ஒரு பங்கை நீங்கள் நிரப்புகிறீர்கள். மது சேராத எல்லாம் அடங்கிய கட்டணம் ஒன்று தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இணையத்தில் காட்டாவிட்டாலும், கேட்டால் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. இல்லையென்றால் கணக்கை இப்படிப் போடுங்கள்: காலை உணவு மட்டும் தரும் ரிசார்ட்டின் உணவகப் பட்டியலை வாங்கி, நான்கு பேருக்கு ஒரு மதிய உணவு, ஓர் இரவு உணவு, பகலில் பிள்ளைகள் கேட்கும் பழச்சாறு, ஐஸ்கிரீம், சிறுதீனி எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டுங்கள். அதை ஐந்தால் பெருக்கி, வந்து சேரும் நாளின் இரவு உணவை மட்டும் தனியாகக் கூட்டுங்கள்; ஆறால் பெருக்க வேண்டாம். ஆறு இரவு என்பது ஆறு முழு நாள் ஆகாது. பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு அறை தருவார்கள், கடைசி நாள் காலை 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். இந்தத் தொகைக்கும் கட்டண வித்தியாசத்துக்கும் பெரிய தூரம் இல்லையென்றால் எல்லாம் அடங்கியதை எடுங்கள். வித்தியாசம் அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், நீங்கள் வாங்குவது சாப்பாடு அல்ல, வேறு ஏதோ என்று பொருள். அந்த வேறு ஏதோ உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள்.

சில சமயம் அது வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரண்டு அறிஞர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தை வாங்கிய பிறகு தவணை கட்டுகிறேன் என்று சொன்ன பெரும்பாலானோர், அதே தொகை செலவாகும் விடுமுறைக்கு மட்டும் முன்கூட்டியே கட்டிவிடுகிறேன் என்றார்கள். பணம் கொடுக்கும் வலியை முன்னாலேயே முடித்துக்கொண்டால் அனுபவிக்கும்போது அது குறுக்கே வராது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். என் அனுபவத்திலும், பிள்ளைகளோடு வரும் பெற்றோர் இந்தக் கட்டணத்தில் வாங்குவது சாப்பாட்டைவிட அதிகமாக இதைத்தான்: ஒரு நாளைக்கு இருபது முறை ‘வேண்டாம்’ என்று சொல்லாமல் இருக்கும் சுதந்திரம். அதற்கு ஒரு விலை கொடுக்கலாம். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கட்டிய பணத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும், ரிசார்ட் வாசலைத் தாண்டினால் மதிய உணவு வீணாகிவிடுமே என்ற கஞ்சத்தனமும் அதே கட்டணத்தோடு சேர்ந்தே வருகின்றன. சுற்றியிருக்கும் ஊரைப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை. இரண்டு நாள் வெளியே போவதாக இருந்தால் கணக்கு உதைத்துவிடும்.

எதெல்லாம் வழக்கமாக உள்ளே, எதெல்லாம் வெளியே என்று கேட்டால், உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பஃபே சாப்பாடு, தண்ணீர், சாதாரணக் குளிர்பானம், நீச்சல் குளம், கடற்கரை நாற்காலி ஆகியவை அநேகமாக எங்கும் உள்ளே. மசாஜ், சலவை, மருத்துவர், மோட்டார் பொருத்திய நீர் விளையாட்டு, வெளிச்சுற்றுலா, தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஆகியவை அநேகமாக எங்கும் வெளியே. சண்டை வருவதெல்லாம் இரண்டுக்கும் இடைப்பட்டவற்றில்தான்: பஃபே அல்லாத தனி உணவகங்கள், புதிதாகப் பிழிந்த பழச்சாறு, பாட்டில் தண்ணீர், அறைக்குக் கொண்டுவரும் உணவு, குளிர்பெட்டி, வைஃபை, விமான நிலையத்திலிருந்து வண்டி, உள்ளூர் சுற்றுலா வரி. தனி உணவகம் ‘இலவசம்’ என்றிருக்கும். ஆறு இரவில் ஒரு முறைதான் என்று கீழே இருக்கும். அதற்கும் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று இன்னும் கீழே இருக்கும். நேரமும் ஒரு நிபந்தனைதான். காலை 10 முதல் இரவு 11 வரைதான் ‘எல்லாம்’ செல்லும் என்று எழுதியிருந்தால், விடியற்காலையில் பசியோடு எழும் குழந்தைக்குக் கொடுக்கும் பால் பில்லில் ஏறும்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். ரிசார்ட்டின் நட்சத்திர எண்ணிக்கையையும் குளங்களின் எண்ணிக்கையையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். உங்கள் மூன்றரை வயது மகளின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கண் விழிப்பதிலிருந்து தூங்குவது வரை அந்த நாளை அந்த ரிசார்ட்டுக்குள் நடத்திப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் விடுமுறை எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது அந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய ஆள்தான். அவள் காலை 5.30க்கு எழுந்தால் பஃபே 7 மணிக்குத்தான் திறக்கும். நடுவில் என்ன செய்வீர்கள்? அறையில் தண்ணீர் சுடவைக்கக் கெட்டில் இருக்கிறதா? அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் எவ்வளவு தூரம்? பெரிய ரிசார்ட்டுகளில் அது பேட்டரி வண்டிக்குக் காத்திருக்கும் தூரம். ஒரு நாளைக்கு ஆறு முறை, வெயிலில், தூக்கிக்கொள்ளச் சொல்லி அழும் குழந்தையோடு. மதியம் அவள் தூங்கும் நேரத்தில் குளத்தடியில் ஒலிபெருக்கி வைத்து ஆட்டம் போடுவார்களா, அந்தச் சத்தம் உங்கள் அறைக்கு வருமா? இரவு உணவு 7.30க்குத் தொடங்குகிறது என்றால் அதற்குள் அவள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள். குழந்தைகளுக்கு 6 மணிக்கே தனி உணவு வைக்கும் இடங்கள் இருக்கின்றன. குடும்பங்களை உண்மையாகவே நினைத்து நடத்தும் இடமா என்று கண்டுபிடிக்க, எனக்குத் தெரிந்த சிறந்த ஒற்றைக் கேள்வி அதுதான்.

வரவேற்பு மேசையில் இருந்த காலத்தில் ஒரு குடும்பம் மூன்றாம் நாளே கிளம்பிப் போனது இன்னும் நினைவிருக்கிறது. ரிசார்ட்டில் எந்தக் குறையும் இல்லை. ஐந்து குளங்கள், பதினொரு உணவகங்கள். அவர்களுக்குக் கிடைத்த அறை இரவு அரங்கத்துக்கு நேர் பின்னால் இருந்தது. குழந்தை இரண்டு இரவும் நள்ளிரவு வரை தூங்கவில்லை. ரிசார்ட் நிரம்பி வழிந்ததால் மாற்றித் தர வேறு அறை இல்லை. ‘அமைதியான பக்கத்தில் அறை வேண்டும்’ என்ற ஒரு வரி முன்பதிவில் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் தங்கியிருக்கும்.

அறையைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல் வித்தியாசத்தைக் கவனியுங்கள். ‘கனெக்டிங்’ அறைகள் என்றால் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ளேயே கதவு உண்டு. ‘அட்ஜாயினிங்’ என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவே, நடுவில் சுவர்தான். முன்பதிவில் இரண்டாவதை வாங்கிவிட்டு முதலாவதை எதிர்பார்த்து வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். உங்களுக்கு இரண்டு அறை வேண்டாம், தடுப்பு வைத்த குடும்ப அறை போதும் என்பது என் கருத்து. ஆனால் ‘நான்கு பேர் தங்கலாம்’ என்ற வரியை நம்பாதீர்கள். நான்காவது படுக்கை எது என்று கேளுங்கள். உங்கள் மகனின் உயரத்துக்கு மடக்குக் கட்டிலோ சோஃபாவோ ஆறு இரவுக்குத் தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாடி அறை என்றால் பால்கனித் தடுப்பின் உயரத்தையும், அங்கே மேல் ஏறக்கூடிய மேசை நாற்காலி கிடக்கிறதா என்பதையும் போனவுடன் பாருங்கள். கிடந்தால் உள்ளே எடுத்துப்போடச் சொல்லுங்கள். தரைத்தளம் என்றால் கதவுக்கும் குளத்துக்கும் நடுவில் எத்தனை அடி என்று பாருங்கள்.

குழந்தைகள் மன்றம், அதாவது கிட்ஸ் கிளப், இந்தக் கட்டணத்தின் மதிப்பில் பாதி. அது உங்கள் மகளை ஏற்குமா என்பதுதான் முதல் கேள்வி. பல இடங்களில் 4 வயது நிறைந்திருக்க வேண்டும். சில இடங்களில் 3. கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உள்ள விதி. அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மழலையர் அறை இருந்தாலும் அதற்குக் கட்டணம் பெரும்பாலும் தனி. மூன்றரை வயதுக்கு இடமில்லை என்று பதில் வந்தால் உங்கள் கணக்கு அந்த நிமிடமே மாறிவிடுகிறது; எல்லாம் அடங்கியதில் உங்களுக்கு வேண்டிய பகுதி அடங்கவில்லை. இடம் உண்டு என்றால் அடுத்து கேட்க வேண்டியவை: எத்தனை குழந்தைக்கு ஒரு பணியாளர்? நீரில் இறக்குவார்களா, இறக்கினால் யார் பொறுப்பு? பிள்ளையைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஒப்படைப்பார்களா? முதலுதவிப் பயிற்சி பெற்றவர் எப்போதும் இருப்பாரா? மழை நாளில் என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்கு ‘திரை போட்டுப் படம் காட்டுவோம்’ என்பதே முழுப் பதிலாக வந்தால் மற்ற நாட்களிலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் மகனின் நிலை வேறு. 11, 12 வயதுப் பிள்ளைகள் சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்து வண்ணம் தீட்ட மாட்டார்கள். வயதில் பெரிய பிள்ளைகளுக்குத் தனிக் குழு இருக்கிறதா, அந்த மாதத்தில் அது நடக்கிறதா என்று கேளுங்கள். விடுமுறைக் காலத்தில் மட்டும் அதை நடத்தும் இடங்கள் நிறைய.

தண்ணீரைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். உலகளவில் சிறு குழந்தைகளின் சாவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று நீரில் மூழ்குவது. அது நாம் கற்பனை செய்வதுபோல் கத்திக் கூச்சலிட்டு நடப்பதல்ல. சத்தமே இல்லாமல், சில நொடிகளில், பெரியவர்கள் நிறைந்த குளத்தின் நடுவிலேயே நடந்துவிடும். ‘எங்களிடம் உயிர்காப்பாளர் இருக்கிறார்’ என்ற பதில் போதாது. எந்தெந்தக் குளத்தில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, துண்டு கொடுக்கும் வேலையையும் அவரே பார்க்கிறாரா என்று கேட்க வேண்டும். குழந்தைகள் குளம் பெரிய குளத்திலிருந்து வேலியால் பிரிக்கப்பட்டிருக்கிறதா? இரவில் குளத்துக்குப் போகும் வழி மூடப்படுகிறதா? காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள், பாதுகாப்புச் சாதனம் அல்ல. சரியான அளவில் தரச் சான்று பெற்ற மிதவை அங்கியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மகள் தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்களில் ஒருவர் கை எட்டும் தூரத்தில், கைப்பேசி இல்லாமல் இருக்க வேண்டும். யாருடைய முறை என்பதை வாயால் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். ‘நீ பார்க்கிறாய் என்று நினைத்தேன்’ என்ற வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. கடலில், சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடி உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதியைக் குறிக்கும். தனிச் சிவப்பு ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதா நிறம் ஜெல்லி மீன் போன்றவை இருப்பதைக் காட்டும். இதை மகனுக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு விதியைவிட அதன் காரணம் பிடிக்கும்.

அடுத்தது வயிறு. பஃபேயில் சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்திருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சமைத்தது சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. நீங்கள் வெப்பமானியோடு போக முடியாது. ஆனால் கூடம் திறந்த முதல் அரை மணி நேரத்தில் சாப்பிடலாம், கண்ணெதிரே சமைத்துத் தரும் மேசையைத் தேர்ந்தெடுக்கலாம், வெட்டிவைத்த பழத்தைவிட உரித்துச் சாப்பிடும் பழத்தை மகளுக்குக் கொடுக்கலாம். குளத்து நீரும் ஒரு காரணம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். அதனால்தான் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்கக் கூடாது என்ற விதி. நீச்சல் டயப்பர் அதைத் தடுக்காது. குளத்து நீரை விழுங்காமலிருக்கப் பழக்குங்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளைப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வாமை இருந்தால் முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, போனவுடன் தலைமைச் சமையல்காரரையே நேரில் பாருங்கள். பரிமாறுபவரிடம் சொல்வது போதாது.

இடமும் பருவமும் பற்றிச் சுருக்கமாக: கட்டணம் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தால் காரணம் வானத்திலோ கடலிலோ இருக்கும். அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கரீபியன் கரைகளில் 2011 முதல் பல ஆண்டுகளாக சர்காசம் கடற்பாசி குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அந்த நாட்களில் கடல் இருந்தும் இல்லாததுபோல்தான். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் தலைநகர்ப் பக்கம் ஓர் இரவு தங்க நேரும், அந்த இரவின் செலவு பெரும்பாலும் பேக்கேஜில் அடங்காது. எங்கே போனாலும் விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் வரையான வண்டி நேரத்தைக் கேளுங்கள், குழந்தை இருக்கை தருவார்களா என்றும் கேளுங்கள். சிறு குழந்தையோடு 2 மணி நேரத்துக்கு மேல் என்றால், அதற்காகவே வேறு இடம் பார்ப்பேன்.

விமர்சனங்களைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. புகழ்ந்தவற்றையும் பொங்கியவற்றையும் தள்ளிவிட்டு, ஐந்துக்கு மூன்று கொடுத்தவர்களைப் படியுங்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதியவர்களை, உங்கள் பிள்ளைகளின் வயதில் பிள்ளை உள்ளவர்களை மட்டும். ஒரே குறையை மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால் அது உண்மை. பயணிகள் எடுத்த படங்களில் குளத்தைப் பார்க்காதீர்கள், சாப்பாட்டுக் கூடத்தில் குழந்தை நாற்காலிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பக்கத்தில் கட்டடப் பணி நடக்கிறதா என்பதை விமர்சனங்கள் சில சமயம் சொல்லும்; ரிசார்ட்டின் பக்கம் ஒருபோதும் சொல்லாது. இவ்வளவும் செய்தாலும், நீங்கள் போகிற வாரத்தில் எந்த அறை கிடைக்கும், மன்றத்தில் இருக்கும் பெண் அன்பானவளா, மகனுக்கு நண்பன் கிடைப்பானா என்பதையெல்லாம் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே நான் கொடுப்பது ஊகம்தான்.

முன்பதிவுக்கு முன்னால் இந்தக் கேள்விகளை இரண்டு ரிசார்ட்டுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம்; தொலைபேசியில் எல்லாமே ‘உண்டு’தான். வரும் பதிலே ஒரு சான்று. ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணோடும் நேரத்தோடும் பதில் எழுதுகிற இடத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது. ‘உங்கள் குடும்பத்தை வரவேற்கக் காத்திருக்கிறோம்’ என்று மட்டும் எழுதுகிற இடத்தில் காத்திருக்கப் போவது நீங்கள். அந்தப் பதிலை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். வரவேற்பு மேசையில் அதற்கு இருக்கும் மதிப்பு கோபத்துக்கு இல்லை, மேசைக்கு மறுபக்கம் நின்றவன் சொல்கிறேன். ரத்து விதியைப் படியுங்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது நாள் பார்த்துத்தான் நடக்கும். பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தில் மிச்சமாவது கொஞ்சமே என்றால் அதை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானத்தையும் தங்குமிடத்தையும் ஒரே பேக்கேஜாக வாங்கினால், 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி ஏற்பாட்டாளர் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும், அவர் திவாலானாலும் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு அப்படியே வராது. நீங்கள் எந்த நாட்டில் முன்பதிவு செய்கிறீர்கள் என்பதை வைத்து இது மாறும். பயணக் காப்பீடு எடுக்கும்போது மருத்துவச் செலவின் உச்சவரம்பை மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எல்லாம் அடங்கிய ரிசார்ட்டின் மன்றம் மூன்றரை வயதை ஏற்குமானால், மதிய உணவுக்காகக்கூட வெளியே போகும் எண்ணம் உங்களுக்கு இல்லையானால், அதையே எடுங்கள். இரண்டு மடங்கு என்றாலும், மது சேராத கட்டணத்துக்குப் பேசிப் பார்த்துவிட்டு. ஏற்காது என்றால், காலை உணவு மட்டும் தரும் ரிசார்ட்டில் மிச்சமாகும் தொகையில் பெரிய அறையும், இரண்டு மாலைகளுக்கு நம்பகமான குழந்தைப் பராமரிப்பும் வாங்கலாம், அது அதிக ஓய்வு தரும். இரண்டில் எதுவானாலும், மின்னஞ்சலில் மகனின் பிறந்த தேதியை முழுதாக எழுதுங்கள். பல ரிசார்ட்டுகளிலும் விமான நிறுவனங்களிலும் 12 நிறைந்தால் பெரியவர் கட்டணம். முன்பதிவு செய்யும் நாளில் என்ன வயது என்று அவர்கள் பார்ப்பதில்லை, போகும் நாளில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் திரும்பி வரும்படி தேதியை நகர்த்த முடிந்தால் நகர்த்திவிட்டு, பிறகு விலையைக் கேளுங்கள்.